வன்னியில் கடை வைத்திருப்போருக்கு: மாறிய விதிகளும் ஏறவேண்டிய கந்தோர்களும்

வற் (பெறுமதி சேர்) வரி, இறைவரி என்று செய்தி வரும்போதெல்லாம் இலங்கையின் வன்னியில், மல்லாவியிலோ நெடுங்கேணியிலோ பலசரக்குக் கடை நடத்துகிறவருக்கு வயிற்றைக் கலக்கும். அந்த வரிகளில் பல அவருடைய கடைக்கு எட்டுவதில்லை. அண்மைய விதிகளில் சிறு கடையின் கணக்கைக் கூடுதலாக மாற்றியது வேலைக்கு நிற்பவரின் சம்பளம். கடையை முடக்கக்கூடியது காணித் தாள். இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் மிச்சத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

காணித் தாளை முதலில் எடுங்கள்

பலர் பெயர்ப்பலகை அடித்து, றாக்கை பூட்டி, சாமானும் இறக்கிய பிறகுதான் பதிவுக்குப் போகிறார்கள். அங்கே முதல் கேள்வியே “கடை நிற்கிற காணி ஆருடையது?” என்பதுதான். வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் நிறையக் காணிகள், முழு உரிமையைக் காட்டும் உறுதி உள்ள காணிகள் அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள் அவை. ஊர்ப் பேச்சில் பெர்மிற் காணி. பிரதேச செயலாளரின் எழுத்து மூல ஒப்புதல் இல்லாமல் இவற்றைக் கைமாற்றவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. ஆகவே ரோட்டுக்கரைப் பெர்மிற் காணியின் முன்பக்கத்தை வாடகைக்கு எடுத்து, சட்டத்தரணியிடம் ஒப்பந்தமும் எழுதி முத்திரை குத்திவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கவேண்டாம். ஒப்புதல் இல்லாவிட்டால் செயலகத்தில் அந்த ஒப்பந்தம் வெறும் தாள்தான்.

செய்யவேண்டியது இதுதான். முற்பணம் கொடுக்க முன்னரே காணிக்காரரையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கொடுத்து, பதிவில் யாருடைய பெயர் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தாள் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் கிளையிலுள்ள பதிவே ஆதாரம். பதிவிலுள்ளவர் இறந்திருந்தால் பின்னுரிமையை, அதாவது காணி அடுத்து யாருக்கு என்பதைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போகமுடியாது. அதற்கு மாதக்கணக்கில் இழுபடலாம். அந்த நிலையிலுள்ள காணியில் கடை போடுவதைவிட, வாடகை கொஞ்சம் கூடினாலும் பிரதேச சபையின் கடைத்தொகுதியிலோ உறுதிக் காணியிலோ இடம் பார்ப்பது புத்தி.

பதிவும் உரிமமும் வேறு வேறு

வணிகப் பெயரைப் பதிவது பிரதேச செயலகத்தில். வியாபார உரிமம் எடுப்பது பிரதேச சபையில், அல்லது நகர, மாநகர சபையில். இரண்டும் வேறு சட்டம், வேறு கட்டணம். ஒன்றை எடுத்தால் மற்றது தேவையில்லை என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. எல்லைகளும் ஒன்றாக இருக்கவேண்டுமென்றில்லை: தருமபுரத்தில் கடை வைப்பவர் பெயர்ப் பதிவுக்குக் கண்டாவளைப் பிரதேச செயலகத்துக்கும், உரிமத்துக்குக் கரைச்சிப் பிரதேச சபைக்கும் போகவேண்டும்.

பெயர்ப் பதிவுக்குப் பொதுவாகக் கேட்பவை: நிரப்பிய விண்ணப்பம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், தேசிய அடையாள அட்டைப் பிரதி, காணி அல்லது வாடகைத் தாளின் பிரதி. பங்காளிகள் இருந்தால் எல்லாருடைய கையொப்பமும் வேண்டும். மூலத் தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள். பிரதியை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்கமாட்டார்கள். விண்ணப்பத்தில் உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும். இங்கே ஓர் எழுத்து மாறினால் பிறகு வங்கியில் கடையின் பெயரில் நடைமுறைக் கணக்குத் திறக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். திருத்தத்துக்கு மறுபடி கிராம அலுவலரிலிருந்து தொடங்கவேண்டும். தமிழில் சண்முகநாதன் ஒன்றுதான். ஆங்கிலத்தில் அதை ஐந்தாறு விதமாக எழுதுகிறார்கள்.

அடுத்தது சபை. உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை செயலாளர்களே அவற்றை நடத்தினார்கள். இப்போது உறுப்பினர்கள் கூடித் தீர்மானம் எடுக்கிறார்கள் என்பதால், விட்டுப்போன அறவீடுகள் பல இடங்களில் மறுபடி கிளறப்படுகின்றன. என்ன பெயரில் காசு கேட்கிறார்கள் என்று பார்த்துக் கட்டுங்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் மூன்று விதம் உண்டு. சாப்பாட்டுக் கடை, பேக்கரி, மர ஆலை போல உபவிதியின் கீழ் வரும் தொழில்களுக்கு உரிமக் கட்டணம். தீர்மானத்தில் பெயர் குறித்த வேறு சில தொழில்களுக்குக் கைத்தொழில் வரி. இந்த இரண்டிலும் அகப்படாதவற்றுக்கு வியாபார வரி. ஒரே தொழிலுக்கு மூன்றையும் சேர்த்து அறவிட முடியாது. முதலிரண்டும் கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதியை (ஆண்டு வாடகை மதிப்பை) வைத்துக் கணிக்கப்படுபவை; சட்டத்தின் அட்டவணைப்படி உச்சம் ஆயிரம் ரூபாய். வியாபார வரி முந்தைய ஆண்டின் வரவைப் பார்த்துப் போடுவது. வரவு 150,000 ரூபாயைத் தாண்டியவர்களுக்கான உச்சப்படி 3,000 ரூபாய். இன்றைய விலைவாசியில் எந்தத் தேத்தண்ணிக் கடையும் அந்த 150,000ஐத் தாண்டும். ஆகவே படியைப் பற்றி வாதாடிப் பயனில்லை. குப்பை அகற்றல், விளம்பரப் பலகை, சோலைவரி என்பவை இவற்றுக்குப் புறம்பானவை. பற்றுச்சீட்டில் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உரிமம் நாட்காட்டி ஆண்டுக்கானது. ஒக்டோபரில் எடுத்தாலும் டிசம்பர் 31 உடன் முடிந்துவிடும். ஆண்டுக் கடைசியில் கடை திறக்க நினைப்பவர் சபையில் கேட்டு, பெயர்ப் பதிவை இப்போதே முடித்துவிட்டு உரிமத்தை ஜனவரியில் எடுக்க வழியுண்டா என்று பார்ப்பது நல்லது.

சாப்பாட்டுக் கடை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். பார்ப்பவை பெரும்பாலும் ஒன்றேதான்: கிணற்று நீர் பரிசோதித்த அறிக்கை, கழிவுநீர் போகும் குழி, சமையலறைக்கும் கழிப்பறைக்கும் உள்ள தூரம், கூரைக்குக் கீழே ஒட்டடை, சமைப்பவர்களின் மருத்துவச் சான்று. கிணறு குழியிலிருந்து எட்ட இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் கையெழுத்து வராது. கட்ட முன்னரே அவரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுவது, கட்டி முடித்துவிட்டு உடைப்பதைவிட மலிவு. நெல் ஆலை, மர ஆலை, சீமெந்துக் கல் அறுக்கும் இடம், வாகனத் திருத்தகம் போன்றவை சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தையும் பார்க்கவேண்டும். சிறியவற்றுக்குச் சபையும் பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் பொறுப்பு. மெசினின் கொள்ளளவைச் சொல்லி எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளம்: இங்கேதான் கணக்கு மாறியிருக்கிறது

தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரல் 1 முதல் மாதம் 27,000 ரூபாயாகவும், 2026 ஜனவரி 1 முதல் 30,000 ரூபாயாகவும் உயர்ந்தது. நாட்கூலிக்கு முறையே 1,080, 1,200. ஒரே ஒருவர் வேலைக்கு நின்றாலும் இது பொருந்தும். ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியமும் அப்படித்தான். “நாலு பேருக்கு மேல் இருந்தால்தான்” என்பது சந்தைக் கதை.

30,000 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொழிலாளியிடமிருந்து 8 வீதம், அதாவது 2,400 கழியும். அவர் கையில் 27,600. முதலாளியின் பங்கு சேமலாப நிதிக்கு 12 வீதம், 3,600. நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 900. கடைக்கு உண்மையான செலவு 34,500. இரண்டு பேர் நின்றால் 69,000. விற்பனையில் நூற்றுக்குப் பத்து இலாபம் நிற்கிற கடை, இந்த இரண்டு சம்பளத்துக்கு மட்டும் மாதம் ஏறத்தாழ ஏழு இலட்சத்துக்கு விற்கவேண்டும். வாடகையும் மின்கட்டணமும் அதற்குமேல். இரண்டாவது ஆளை எடுக்க முன்னர் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்க்காத கடைகள்தான் ஆறு மாதத்தில் ஆளை நிறுத்துகின்றன, அல்லது நிதிக் காசைக் கட்டாமல் விடுகின்றன.

வன்னிக் கடைகளில் பரவலான வழக்கம் சாப்பாடும் படுக்கையும் கொடுத்து, கையில் குறைவாகக் கொடுப்பது. இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். சாப்பாட்டுக் கணக்கைக் காட்டிச் சம்பளத்தை ஆகக்குறைந்த தொகைக்குக் கீழே இறக்கமுடியாது என்பது ஒன்று. மற்றது பலருக்குத் தெரியாதது: சேமலாப நிதிச் சட்டப்படி முதலாளி கொடுக்கும் சமைத்த, சமைக்காத உணவின் பெறுமதியும் உழைப்பூதியத்தில் சேரும். அதற்கும் பங்களிப்புக் கட்டவேண்டும். சாப்பாட்டைக் குறைத்துக் காட்டுவதால் மிச்சம் பிடிக்கலாம் என்பவர் உண்மையில் கடனைத்தான் சேர்த்துக்கொண்டு போகிறார்.

பதியும் முறை கடினமில்லை. மாவட்டத் தொழில் அலுவலகத்தில் டி படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் தொழில்தருநர் இலக்கம் தருவார்கள். பிறகு ஒவ்வொரு மாதத்துக்கும் சி படிவத்தோடு அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் பணம் போய்ச் சேரவேண்டும். பிந்தினால் மேலதிக அறவீடு 5 வீதத்தில் தொடங்கும். ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தால் 50 வீதம். காலபோக அறுவடைக் காலத்தில் ஆலைக்காரர் எடுக்கும் நாட்கூலிக்காரருக்கும் முதல் நாளிலிருந்தே நிதி உண்டு. “சீசனுக்கு வந்தவர்” என்று விதிவிலக்கு இல்லை.

ஒரு சம்பளப் புத்தகம் போடுங்கள். மாதத்துக்கு ஒரு பக்கம். கோடுகள் இவை: பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த நாட்கள், அடிப்படைச் சம்பளம், மேலதிக நேரம், கழித்த 8 வீதம், கையில் கொடுத்தது, திகதி, கையொப்பம். முற்பணம் கொடுத்தால் அன்றைக்கே அதே பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். சிகரெட் பெட்டி மட்டையில் எழுதிவைத்த முற்பணத்தைத் தொழில் அலுவலர் கணக்கில் எடுக்கமாட்டார். முறைப்பாடு வருவது ஆள் வேலையில் நிற்கும்போதல்ல, கோபித்துக்கொண்டு போன பிறகு. அப்போது இந்தப் புத்தகம் இல்லாவிட்டால் அவர் சொல்வதுதான் கணக்கு.

கடை வேலைக்கான நேரம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி. வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்தோடு லீவு. காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை ஒரே பெடியனை நிறுத்துவது சட்டத்துக்கு வெளியே. வேலைக்கு எடுக்கும் ஆகக்குறைந்த வயது 2021இல் 16 ஆக்கப்பட்டது. பாடசாலையிலிருந்து விலகிய 15 வயதுப் பெடியனைத் தாய்தகப்பன் கொண்டுவந்து விட்டாலும் எடுக்கவேண்டாம். பணிக்கொடைச் சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கானது என்பதால் சிறு கடைக்காரர் அதை விட்டுவிடலாம்.

சொப்பிங் பையும் பில்லும்

2025 நவம்பர் 1 முதல் கைபிடி வைத்த பொலித்தீன் பையை வாங்குபவருக்கு இலவசமாகக் கொடுக்கக்கூடாது. பையின் விலையைக் கடையில் தெரியும்படி போட்டு, பில்லிலும் தனி வரியில் காட்டவேண்டும். பட்டணத்துச் சுப்பர்மார்க்கெட்டுக்கு இது மெசினில் ஒரு பொத்தான். ஊர்க் கடைக்கு இது பில் புத்தகம். கார்பன் வைத்த இரட்டைப் பிரதிப் புத்தகம் ஒன்றை வாங்கி, கடையின் பெயரும் விலாசமும் உள்ள றப்பர் முத்திரை ஒன்றை வெட்டிவிட்டால் போதும். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கிறது. பைக்காக வந்த புதுச் சுமை அல்ல.

20 மைக்ரோனும் அதற்குக் குறைவுமான பொலித்தீன் 2017 முதலே தடை. லன்ச் சீற்றும் அவ்வாறே. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் உறிஞ்சி, கரண்டி, தட்டு, மாலை, இடியப்பத் தட்டு என்பவையும் தடை. மொத்த வியாபாரி மலிவாகத் தருகிறார் என்று பழைய கையிருப்பை வாங்கி றாக்கையில் வைத்தால், பிடிபடும்போது குற்றம் உங்கள் மேல்தான். பைக் கட்டில் தடிப்பு அச்சடிக்காதிருந்தால் வாங்காதீர்கள்.

விலைப்பட்டியல்

எல்லாரும் பார்க்கும் இடத்தில் விலைப்பட்டியல் தொங்கவேண்டும். சோதனைக்கு வருபவர்கள் கடைக்குள் கால் வைத்ததும் தேடுவது அதைத்தான். கட்டுப்பாட்டு விலை உள்ள பொருள்களில் கூடுதல் கவனம் வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் 70 ரூபாய், ஒரு லீற்றர் 100 ரூபாய். குளிரூட்டியில் வைத்ததற்கு என்று பத்து ரூபாய் கூட்ட இடமில்லை. அரிசிக்கு 2024 டிசம்பரில் வந்த வர்த்தமானி நாட்டரிசிக்குக் கிலோ 230, சம்பாவுக்கு 240, கீரிச் சம்பாவுக்கு 260, வெள்ளைப் பச்சைக்கு 220 என்று உச்ச சில்லறை விலை போட்டது. இந்த விலைகள் வர்த்தமானியோடு மாறும். மூட்டை இறக்க முன்னர் 1977க்கு ஓர் அழைப்பு எடுத்து அன்றைய விலையைக் கேளுங்கள். நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் அது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தை 2021இல் திருத்திய பிறகு கட்டுப்பாட்டு விலையை மீறிய தனி ஆளுக்குத் தண்டம் ஒரு இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் வரை. ஒரு போத்தலைப் பத்து ரூபாய் கூட்டி விற்றதற்கும் இதே அளவுகோல்தான். அரிசியில் பொறி இன்னும் ஆழமானது. ஆலைக்காரரோ இடைத்தரகரோ பில் இல்லாமல் கூடின விலைக்குத் தருவார். நீங்கள் நட்டமில்லாமல் விற்கவேண்டுமானால் உச்ச விலையைத் தாண்டவேண்டும். பிடிபடும்போது “எனக்கே அந்த விலைக்குத்தான் தந்தவை” என்று சொல்ல உங்கள் கையில் ஒரு துண்டும் இராது. மொத்தக் கொள்வனவுப் பில் இல்லாத கட்டுப்பாட்டு விலைப் பொருளைக் கடைக்குள் எடுக்காதீர்கள், அந்தச் சாமான் இல்லாமல் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போனாலும் சரி.

தராசுக்கு வருடாவருடம் முத்திரை வேண்டும். இலத்திரனியல் தராசுக்கும் அதே. முத்திரையிடும் நாளையும் இடத்தையும் பிரதேச செயலகத்தில் அறிவிப்பார்கள். சான்றிதழைத் தராசுக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ரின் இலக்கம், வருமான வரி, வற்

2024 தொடக்கத்திலிருந்து 18 வயது தாண்டியவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது ரின் நம்பர், எடுக்கவேண்டும். இலக்கம் எடுத்தால் வரி கட்டவேண்டும் என்ற பயத்தில் பலர் தள்ளிப்போடுகிறார்கள். இலக்கம் வேறு, வரி வேறு. திணைக்களத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டையின் இரு பக்கப் படத்தோடு பதியலாம். தெரிந்த பிள்ளை ஒன்றைப் பிடித்துப் பதிவித்தாலும் மின்னஞ்சலும் கைபேசி இலக்கமும் உங்களுடையதாக இருக்கட்டும். தொலைத்தொடர்புக் கடைக்காரரின் மின்னஞ்சலில் பதிந்தால் திணைக்களத்திலிருந்து வரும் அறிவித்தல் அவருக்குத்தான் போகும். நீங்கள் அறிவதற்குள் தவணை கடந்துவிடும்.

வருமான வரி விடுப்பு 2025 ஏப்ரல் 1 முதல் வருடத்துக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாகக் கூடியது. இது விற்பனை அல்ல, செலவெல்லாம் போன பின் நிற்கும் இலாபம், மாதம் 150,000. வருடம் 22 இலட்சம் இலாபம் வந்தால் வரி விழுவது மேலதிகமான 4 இலட்சத்துக்கு மட்டும், 6 வீதப்படி 24,000 ரூபாய். ஆனால் செலவை நிரூபிக்கப் பில் இல்லாதவருக்குத் திணைக்களம் மதிப்பிடுவதே இலாபம். வரி ஆண்டு ஏப்ரல் 1இலிருந்து மார்ச் 31 வரை. விபரத்திரட்டு, அதாவது வருமானக் கணக்கைக் காட்டும் படிவம், நவம்பர் 30க்குள். விபரத்திரட்டுக் கேட்டுக் கடிதம் வந்தால், வரி எதுவும் இல்லாவிட்டாலும் பதில் போடாமல் விடவேண்டாம்.

நிலையான வைப்பு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வங்கியே பிடிக்கிறது, முன்பு 5. மொத்த வருமானம் 18 இலட்சத்துக்குள் நிற்பவர் ரின் இலக்கத்தோடு வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் அதைப் பிடிக்கமாட்டார்கள்.

வற் வீதம் 2024 ஜனவரி 1 முதல் 18. அன்று பதிவு எல்லை வருடத்துக்கு 6 கோடி ரூபாய் விற்பனை, காலாண்டுக்கு 1.5 கோடி என்று ஆக்கப்பட்டது. நாளுக்கு ஏறத்தாழ 1,64,000 ரூபாய் விற்கும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2026க்கான வரவுசெலவுத் திட்டத்தில் இந்த எல்லையை 3.6 கோடிக்கு இறக்க முன்மொழிந்தார்கள். அந்தக் கணக்கில் நாளுக்கு ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. A9 வீதியோரத்து ஹார்ட்வெயார், பசளைக் கடை, மொத்த வியாபாரம் செய்பவர்கள் இந்த இடைவெளிக்குள் விழக்கூடியவர்கள். காலாண்டு விற்பனை 90 இலட்சத்தை நெருங்கினால் திணைக்களத்தின் 1944க்கு அழைத்து நடைமுறையிலுள்ள எல்லையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரிசி, பாண் போல வற் விலக்குள்ள பொருள்களின் விற்பனையைப் புத்தகத்தில் தனிக் கோட்டில் எழுதிவந்தால் எல்லைக் கணக்கில் உதவும். பதியாதவர் பில்லில் வற் என்று ஒரு சதமும் போடக்கூடாது, அது குற்றம்.

காசு கட்டுவதும் கேள்வி கேட்பதும்

2025 பெப்ரவரியில் தொடங்கிய, அரசின் இணையக் கட்டண முறையான கவ்பே மூலம் பல அரச கட்டணங்களை வங்கிச் செயலியில் கட்டலாம். உங்கள் சபை அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேர்ந்திருந்தால் ஜனவரி வரிசையில் நிற்கும் ஒரு நாள் மிச்சம். காசாகக் கட்டினால் அச்சிட்ட இலக்கம் உள்ள பற்றுச்சீட்டு இல்லாமல் கவுண்டரை விட்டு நகரவேண்டாம்.

கேட்கும் கட்டணத்தில் சந்தேகம் வந்தால் வாய்த்தர்க்கம் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள்: இந்த ஆண்டு எனது தொழிலுக்கு அறவிடும் கட்டணம் எந்தத் தீர்மானத்தின் கீழ், அது வெளிவந்த வர்த்தமானியின் இலக்கமும் திகதியும் என்ன, அட்டவணையின் பிரதி ஒன்று வேண்டும். காரணம் எழுதத் தேவையில்லை. கிடைத்ததற்கான கையொப்பத்தை உங்கள் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலைநாளுக்குள் சொல்லவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதற்குமேல் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.